உடைக்கக் கூடாத மாத்திரை

அம்மிச்சிக்குச் சர்க்கரை மாத்திரை தொண்டையில் இறங்காது. "இத்தாச்சோடு மாத்திரைய எப்படிக் கண்ணு முழுங்கறது?" என்று பாக்குவெட்டியில் வைத்து நாலாக நறுக்கி, மோரோடு குடிப்பார். கொஞ்ச நேரத்தில் குமட்டல், பேதி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு நாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'மெட்ஃபார்மின்' என்ற பெயருக்குப் பின்னால் 'எஸ்.ஆர்.' என்று இரண்டு எழுத்து இருந்தது.

மாத்திரைக்குள் இருக்கும் கடிகாரம்

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று போட்டிருந்தால் அது மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. இந்த வகையில் பலவற்றில், ஈரம் பட்டதும் ஊறிக் கூழாகும் ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அந்தக் கூழுக்குள்ளிருந்து மருந்து மணிக்கணக்கில் கசியும். நறுக்கினால், பொடித்தால் நாள் முழுக்க வேண்டியது சீக்கிரமே வயிற்றில் கொட்டிவிடும். அம்மிச்சியின் குமட்டலுக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

சில மாத்திரைகளின் கூடு மலத்தில் அப்படியே வருவதுண்டு. மருந்து இறங்கிய பிறகு வரும் வெறும் கூடு அது, பயம் வேண்டாம்.

வயிற்றுப் புண்ணுக்குத் தரும் பேன்டோபிரசோல் இன்னொரு ரகம். இரைப்பை அமிலம் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும். அதனால் அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போனதும் கரையும் பூச்சைப் பூசுகிறார்கள். இடம் பார்த்து நடந்துகொள்ளும் இப்படிப்பட்ட பொருள்களைத்தான் விஞ்ஞானிகள் 'ஸ்மார்ட்' பொருள் என்கிறார்கள். நாம் வெந்நீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறோம்!

பல்லுக்குள் போகும் நானோ ரோபோ

செய்தியில் அடிபடும் நானோ ரோபோவுக்கு மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழுவினர் செய்தது சிலிக்காவாலான திருகாணி. மேலே இரும்புப் பூச்சு. வெளியே காந்தப்புலம் சுழன்றால் அதுவும் சுழன்று முன்னேறும். நம் தறி நாடாவுக்கு மட்டும் சொந்த மூளையா இருக்கிறது? அடித்த பக்கம் ஓடுகிறது.

பல்லுக்குள் ஒன்றிரண்டு மைக்ரான் அகலத்தில் நுண்குழாய்கள் உண்டு. வேர் சிகிச்சை செய்யும்போது மருந்து எட்டாத அந்த இடுக்குகளில் கிருமி தங்கினால் மறுபடி வலிதான். 2022-இல், பிடுங்கிய பற்களில் இந்தத் திருகாணிகளை விட்டுப் பார்த்தார்கள். சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே போயின. காந்தப்புலத்தை மாற்றிச் சூடேற்றியதும் சுற்றியிருந்த பாக்டீரியா செத்தது. 2025-இல் பல் கூச்சத்துக்காக 400 நானோமீட்டர் காந்தத் துகள்களில் மருந்தேற்றி அதே குழாய்களை அடைத்தார்கள். கூச்சம் வந்த எலிகள் குளிர்ந்த தண்ணீரை மறுபடி குடிக்க ஆரம்பித்தன.

எலி குடித்தது சரி. நம் பல்லுக்கு வர இன்னும் பல சோதனைகள் தாண்ட வேண்டும். அதுவரை 'நானோ' என்று பெட்டியில் அச்சடித்த பற்பசையையும் சத்துமாவையும் அந்த ஒரு சொல்லுக்காக வாங்காதீர்கள்.

கையில் ஒட்டும் சென்சார்

சர்க்கரை பார்க்கும் வில்லை கடைக்கே வந்துவிட்டது. தோலுக்கடியில் மயிரிழை போன்ற கம்பி. பெரும்பாலும் இரண்டு வாரம் வரை இருக்கும். அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, திசு நீரை. ஆகவே எண் சில நிமிடம் பின்தங்கி வரும். வேர்த்து, கை நடுங்கும்போது எண் சரியாக இருந்தாலும் விரலில் குத்திப் பாருங்கள்.

மருந்துக்கடையில் கேட்க வேண்டியது

"இத உடைக்கலாமுங்களா?" இதைக் கேட்காமல் அட்டையை வாங்காதீர்கள். மெதுவாக மருந்தை விடும் மாத்திரைகளில், நடுவில் கோடு போட்ட சிலவற்றை மட்டும் பாதியாக்கலாம். பொடிக்க அதிலும் அனுமதியில்லை. விழுங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொன்னால் போதும், வேறு வகை எழுதித் தருவார். அம்மிச்சிக்குச் சின்ன மாத்திரையாக, வேளைக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். பாக்குவெட்டி இப்போது பாக்கு மட்டும் வெட்டுகிறது.