சீட்டுப் பிடிக்கும் பெண்ணுக்குச் சபையில் ஓர் ஆசனம்

கொட்டாஞ்சேனையில் முஸ்லிம் பெண்களுக்கான தலைமைத்துவப் பயிற்சியொன்றை நடத்த உதவியபோது, முதல் நாளில் "உங்களில் யார் தலைவி?" என்று கேட்டோம். யாரும் கை உயர்த்தவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா, "எனக்கு அதெல்லாம் ஏலாது மிஸ், நான் சும்மா வூட்ல ஈக்கிறவள்" என்றார். தேநீர் இடைவேளையில்தான் தெரிந்தது, அவர் எட்டு வருடங்களாக இருபது பேரின் சீட்டைப் பிடிக்கிறார். யாருக்கு அவசரம், யாருடைய பணம் தாமதமாகும், யாருடைய முறையை யாருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இவருக்கு நாம் தலைமைத்துவத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் சபைக்கு அந்தத் திறமையைக் கொண்டுபோகும் வழிதான் அவருக்குத் தெரியாது.

சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் பெண்களுக்கு 25 சதவீத இடத்தை ஒதுக்கியது. வட்டார வேட்பாளர்களில் பத்தில் ஒருவரும், மேலதிகப் பட்டியலில் பாதிப்பேரும் பெண்களாக இருக்க வேண்டும். அதற்கு முன் 2 சதவீதமளவில் கிடந்த பெண் பிரதிநிதித்துவம், 2018 பெப்ரவரித் தேர்தலில் 20 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதலாவது பெண் மேயரானார். 2025இல் விராய் கெலீ பல்தசார் இரண்டாவது பெண் மேயரானார்.

ஆனால் பட்டியலில் பெயரை எழுதுவது கட்சி. கடைசி நேரத்தில் பெண் வேட்பாளரைத் தேடுபவர்கள், கட்சிக்காரரின் மனைவியையோ சகோதரியையோ கேட்பது சுலபம். அதுவரை ஒரு சங்கக் கூட்டத்திலும் பேசியிராத பெண்ணைச் சபையில் அமர்த்திவிட்டு, அவர் மௌனமாக இருந்தால் "பார்த்தீர்களா?" என்று கேட்பது நியாயமல்ல.

முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப், 1950களிலேயே கொழும்பின் பிரதி மேயராகப் பணியாற்றினார். அன்று ஒதுக்கீடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தை நடத்திய அனுபவம் அவரிடம் இருந்தது.

எங்கள் பக்கத் தவறையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் நடத்திய ஆரம்பச் செயலமர்வுகளில் தன்னம்பிக்கை பற்றி உரையாற்றினோம், சான்றிதழ் கொடுத்தோம், குழுப் படம் எடுத்தோம். மூன்று மாதங்கள் கழித்து விசாரித்தபோது, ஒருவர்கூட எந்தச் சங்கத்திலும் சேர்ந்திருக்கவில்லை. "கூட்டம் எங்க, எப்ப நடக்குதுண்டே தெரியாது" என்றார் ஒருவர். "மஃரிபுக்குப் பொறகு கூட்டம் வெச்சா புள்ளைகள யாருட்ட விடுற?" என்று கேட்டார் இன்னொருவர். தன்னம்பிக்கை பற்றிய உரையில் இதற்கெல்லாம் பதில் இருக்கவில்லை.

இப்போது பயிற்சியை மாற்றியிருக்கிறோம். முதலில் பெண்களே ஒரு மாதிரிக் கூட்டம் நடத்துவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்வார்கள். ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க, மூன்றாமவர் கூட்டறிக்கை எழுதுவார். அடுத்ததாக, அடைத்துக் கிடக்கும் வடிகான் பற்றி மாநகர சபைக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுவார்கள். அரச அலுவலகத்துடன் தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவார்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

கடைசி நாளில் ஒவ்வொருவரும் தான் சேரப்போகும் ஒரு சபையின் பெயரைச் சொல்ல வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமாகவோ, தோட்டத்தின் நலன்புரிச் சங்கமாகவோ இருக்கலாம். முதல் இரண்டு கூட்டங்களுக்கு எங்களில் ஒருவர் கூடவே போவோம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹுதைபியாவில் ஸஹாபாக்கள் தயங்கி நின்ற வேளையில், உம்மு ஸலமா (ரழி) சொன்ன ஆலோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்று நடந்தார்கள். மஹல்லாவில் எந்த வீட்டில் விதவை தனியாக இருக்கிறார், எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றது என்பது நம் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். ஸகாத், கல்வி உப குழுக்களிலாவது அவர்களுக்கு இடம் கொடுங்கள். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

அந்தத் தாத்தா இப்போது தன் மகளின் வகுப்புப் பெற்றோர் குழுவில் பொருளாளர். முதல் கூட்டத்தில் அவர் பேசியது ஒரே ஒரு வசனம்: "போன வருஷக் கணக்கக் கொஞ்சம் காட்டுங்க." கணக்குப் புத்தகம் அடுத்த கூட்டத்துக்கு வந்தது.