காதுக்கும் செய்திக்கும் இடையே

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க விரும்புவோர், நிலவெறிக்கும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைப்பர். முதலில் தோணியிலுள்ளோர் பேச்சை நிறுத்தவேண்டும். மெல்லொலியை மறைப்பது பெரும்பாலும் நமது ஆரவாரமே. கம்பியில்லாக் கருவிகளுக்கும் இதுவே விதி என்பதைப் புளியந்தீவிலுள்ள எமது வீட்டிலேயே அண்மையிற் கற்றேன்.

என் தாயாருக்குச் செவிப்புலன் குன்றிவிட்டது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியைக் கண்டவராதலின், மாரிகாலத்தில் வானிலைச் செய்தி கேளாமல் உறங்கமாட்டார். தொலைக்காட்சியை அவர் தெளிவாகக் கேட்கக் கம்பியில்லா ஹெட்போன் ஒன்று வாங்கினோம். சில நாட்களின்பின், இரவுச் செய்தி நேரத்தில் மட்டும் ஒலி துண்டு துண்டாய்ச் சிதறிற்று. அருகில் கைத்தொலைபேசியுடன் இருந்த மகனைக் கடிந்துகொண்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லை, அப்பா" என்றான். நான் நம்பவில்லை.

மறுநாள் இரவு வீட்டுக் கருவிகள் யாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாய் இயக்கிப் பார்த்தேன். கைத்தொலைபேசியால் ஒன்றும் நேரவில்லை. சுவருக்கு அப்பாலிருந்த மைக்ரோவேவ் அடுப்பை இயக்கியதும் ஒலி சிதறிற்று. செய்தி நேரத்திலே நாள்தோறும் அதிற் சூடானது எனக்கான பால்!

காரணம் எளிது. அவ்வடுப்பு ஏறத்தாழ 2450 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. வைஃபை, புளூடூத், பல கம்பியில்லா ஹெட்போன்கள் ஆகியனவும் 2400 முதல் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அதே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாமென விடப்பட்ட பொதுவெளி அது; ஆகவே சந்தைபோல் நெரிசல் மிக்கது. அடுப்பின் ஆற்றல் பல நூறு வாட். ஹெட்போனுக்கு வரும் சமிக்ஞையோ வாட்டின் ஆயிரத்திலொரு பங்கு அளவில் அனுப்பப்படுவது. நல்ல நிலையிலுள்ள அடுப்பிலிருந்து கசியும் சிறிதளவு அலை உடலுக்குத் தீங்கற்றது. எனினும் அம்மெல்லிய சமிக்ஞையைக் குலைக்க அது போதும்.

இத்தகைய தொல்லை நேரின், முதலில் மின்கலத்தைச் சோதியுங்கள். பின்னர் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாய் இயக்குங்கள். எந்த நேரத்தில் தொல்லை வருகிறதெனக் குறித்துவையுங்கள். வைஃபை பெட்டியைத் தொலைக்காட்சிமேல் வைத்தல் தவறு. ஆறடியாவது தள்ளி, உயரத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரியும் தகரக் கூரையும் அலைகளைத் திருப்பிவிடும். நீர் நிறைந்த மனித உடலும் அவற்றை ஓரளவு உறிஞ்சும். அயல்வீட்டு வைஃபை இடையூறாயின், 1, 6, 11 என்னும் தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். படக்காட்சிகளை 5 கிகாஹேர்ட்ஸ் வரிசைக்கு மாற்றினால் நெரிசல் குறையும்; ஆயினும் அவ்வலை சுவர்களைக் கடப்பதில் வலிமை குன்றியது. எதுவும் பயன்தராவிடின், ஒரு கம்பியை இணைப்பதில் இழிவொன்றுமில்லை.

வேறொன்றும் உண்டு. சூறாவளி வேளையில் மின்சாரமும் வைஃபையும் ஒருங்கே போகும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று.

எம் வீட்டில் இப்போது செய்தி முடிந்தபின்பே பால் சூடாகிறது. மகனிடம், "தவறு என்னுடையது" என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, அப்பம்மாவின் ஹெட்போனுக்கு மின்னேற்றும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டான். பிறரைக் குறைகூறுமுன் நம் கையிலுள்ள ஆரவாரத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். தோணியில் துடுப்பைக் காதில் வைப்போர் இதை நெடுங்காலமாகவே அறிவர்.