ஊர்தேடி வரும் ஊர்தி

அருப்புக்கோட்டையை அடுத்துள்ள பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரையிலும் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எஞ்சிய இடங்களில் சீமைக் கருவேல் மண்டியிருக்கும். விளைச்சல் இல்லாத காலத்தில் மக்கள் நூற்பாலைக்கும் தறிக்கும் கரிமூட்டத்திற்கும் கூலிவேலை தேடிச் செல்வர். கை கால் வலிமையுடையார்க்கு ஊருக்கு ஊர் உள்ள தொலைவு ஒரு பொருட்டன்று. நடக்க இயலாத ஒருவருக்கோ, வீட்டு வாயிலிலிருந்து பேருந்து நிற்குமிடம் வரையுள்ள அரைக் கிலோமீட்டரே கடத்தற்கரிய காடாகிவிடுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவருள் நூற்றுக்கு 69 பேர் சிற்றூர்களில் வாழ்வோர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தனர். எண்ணிக்கை இவ்வளவு பெரிதாயினும், சிற்றூர்த் தெருவில் அவர்களைக் காண்பது அரிது. அவர்கள் இல்லாமலில்லை, வீட்டின் உள்ளறையில், சுவரோரத்துப் பாயில் இருக்கின்றனர். அவர்களைத் தேடி உதவி செல்ல வேண்டியதன் காரணத்தை இப்பாடத்தில் காண்போம்.

மருத்துவம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன மருந்தும் அறுவையுமே. ஆனால் அவ்விரண்டும் முடிந்த பின்னர்த் தொடங்கும் மருத்துவம் ஒன்று உண்டு. மூட்டுகளையும் தசைகளையும் இயக்கிப் பழக்குவோர் இயன்முறை மருத்துவர். பேச்சையும் விழுங்குதலையும் பயிற்றுவோர் பேச்சுப் பயிற்சியாளர். உண்ணல், உடுத்தல், எழுதுதல் முதலிய அன்றாடச் செயல்களைப் பழக்குவோர் வேறு சிலர். செயற்கைக் கால், காலிப்பர், ஊன்றுகோல் ஆகியவற்றை அளவெடுத்துச் செய்து பொருத்துவோர் மற்றும் சிலர். இவர்கள் எல்லோருடைய பணிக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அஃது ஒரு நாளில் முடிவதன்று.

எடுத்துக்காட்டாக, பிறக்கும்போதே பாதம் உட்புறம் வளைந்துள்ள குழந்தையைக் கருதுவோம. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பணியாற்றிய பொன்செட்டி என்னும் மருத்துவர் இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார். பாதத்தைக் கையால் மெல்லத் திருத்தி, மாவுக்கட்டுப் போட்டு, ஒரு வாரம் சென்றதும் அதனை அவிழ்த்து, மேலும் சிறிது திருத்தி மறுபடியும் கட்டுவர். இவ்வாறு ஐந்தாறு வாரங்களில் பாதம் பெரும்பாலும் நேராகிவிடும். குதிநரம்பில் சிறு வெட்டு ஒன்றும் பலருக்குத் தேவைப்படும். பெரிய அறுவை இன்றியே குறை நீங்குவது வியப்பன்றோ? ஆனால் கதை அங்கு முடிவதில்லை. முதல் மூன்று திங்கள் நாள் முழுதும், அதன் பின்னர் நான்கு வயது வரை உறங்கும் வேளைகளில், ஒரு கம்பியால் இணைத்த காலணிகளைக் குழந்தை அணிந்திருத்தல் வேண்டும். குழந்தை அழுகிறதே என்று தாய் அதனைக் கழற்றிவிட்டால், பாதம் மீண்டும் பழையபடி வளையத் தொடங்கும். மாவுக்கட்டு மருத்துவமனையில் போடப்படுகிறது. காலணியோ வீட்டில் அணியப்படுகிறது. இந்த இரண்டாவது பகுதியைக் கண்காணிக்க எவர் வீட்டிற்கு வருவர்?

மூளை முடக்குவாதம் உடைய குழந்தையின் நிலை இதனினும் கடினமானது. இதில் தசைகள் விறைத்து நிற்கும். நாள்தோறும் நீட்டி மடக்காவிடின் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அவ்வாறு இறுகிய பின்னர் நிமிர்த்துவது அரிது. பக்கவாதத்தால் ஒரு புறம் செயலிழந்த முதியவர்க்கும் முதற் சில திங்களே பொன்னான காலம். அவரைத் தூக்கும்போது செயலற்ற கையைப் பற்றி இழுத்தல் ஆகாது. இழுத்தால் தோள்மூட்டு நழுவும். படுத்த படுக்கையாய் உள்ளவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் உண்டாகும். பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் ஆலைகள் மிகுந்த இம்மாவட்டத்தில் தீக்காயம் பட்டோரும் உளர். புண் ஆறிய பின்னரும் தோல் சுருங்கி விரல்களை மடக்கிவிடும் ஆதலின், அவர்க்கும் பல திங்கள் பயிற்சி வேண்டும்.

இனி, பாளையம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்துவோம். அவளுடைய பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். வாரம் இருமுறை பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். மாவட்டத் தலைநகராகிய விருதுநகரில் மருத்துவமனை உண்டு. 2022ஆம் ஆண்டில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனவே மருத்துவம் இல்லை என்று கூற இயலாது. பயிற்சிக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் போக வர ஒரு பகல் கழிகிறது. வாரத்தில் இரண்டு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது; பேருந்தின் உயரமான படிகளில் சலுகை ஏதும் இல்லை. பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது அவள் இடுப்பில் தூக்கிச் செல்கிறாள். நான்கு வயதில் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். ஏழு வயதில் தூக்க இயலவில்லை. பயிற்சி நின்றுவிடுகிறது. 'சொல்லியும் வரவில்லை' என்று அத்தாயின்மேல் குறை கூறுவது எளிது. அவள் அன்பு குறையவில்லை. பிள்ளையின் எடைதான் கூடிற்று.

நோயாளியை எதிர்நோக்கி மருத்துவமனையில் அமர்ந்திராமல், மருத்துவரே சாலையோரத்திற்குச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. வேலூரில் மருத்துவமனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909ஆம் ஆண்டளவில் பெஜோ என்னும் மோட்டார் வண்டியைப் பெற்று, வாரந்தோறும் குறித்த நாளில் சிற்றூர்களுக்குச் சென்றார். மரநிழலில் மக்கள் காத்திருப்பர்; அங்கேயே மருந்து கொடுக்கப்படும். அதே வேலூரில் பணியாற்றிய மேரி வர்கீஸ் என்னும் மருத்துவர், 1954ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஊர்தி விபத்தில் இடுப்பிற்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று அமைந்தது. உடற்குறையுடையோர்க்கு அறுவையோடு பயிற்சியும் இன்றியமையாதது என்பதை நாட்டுக்கு உணர்த்திய நிலையம் அது.

நம் தென்பாண்டி நாட்டிலேயே இதனினும் அணித்தான ஒரு வரலாறு உண்டு. தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடி என்னும் ஊரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன், பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும்போது கடற்படை அலுவலர் தேர்விற்குப் பெங்களூர் சென்றார். 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அத்தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டார். கழுத்திற்குக் கீழே உடல் செயலிழந்தது. இராணுவ மருத்துவமனையில் நெடுநாள் இருந்து ஊர் திரும்பினார். அங்குத் தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாஹல் என்னும் மருத்துவரின் பெயரால், 1981ஆம் ஆண்டில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் அவை உடற்குறையுடையோர் ஆண்டாக அறிவித்த ஆண்டு. பின்னர், தசைச் சிதைவு நோயுடைய சங்கரராமன் என்னும் கணக்காயரும் அவரோடு சேர்ந்து உழைத்தார். 2020ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது இராமகிருஷ்ணனுக்கு வழங்கப்பெற்றது.

அச்சங்கம் கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. குழந்தைகள் எல்லோரையும் ஆய்க்குடிக்கு வரவழைக்க இயலாது என்பதைக் கண்டு, சிற்றூர்ப் பெண்களையே தேர்ந்து, பயிற்சி தந்து, மறுவாழ்வுப் பணியாளராக வீடுவீடாக அனுப்பியது. குழந்தை தலை நிமிர்த்துகிறதா, தவழ்கிறதா, ஒலி கேட்டுத் திரும்புகிறதா என்று அவர்கள் நோக்குவர். கையிலுள்ள கருவியில் பதிவர். தொலைவிலுள்ள இயன்முறை மருத்துவர் அப்பதிவைக் கண்டு அடுத்த பயிற்சியைக் கூறுவார். உள்ளூர்ப் பெண் ஆதலின் அவருக்கு வழி தெரியும். வீட்டார் முகம் தெரியும். எந்த வேளையில் தாய் வயலிலிருந்து திரும்புவாள் என்பதும் தெரியும். பெரும்படிப்பு படித்த வல்லுநர்க்கு எளிதில் கிட்டாத அறிவு இது.

அரசும் இவ்வழியில் அடியெடுத்து வைத்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. நீரிழிவிற்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளோடு, இயன்முறை மருத்துவத்தையும் வீட்டிற்கே கொண்டு செல்வது அதன் நோக்கம். உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு அரசு வகுத்த 'உரிமைகள்' திட்டம் 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் அமைந்த சேவை மையங்கள் 'விழுதுகள்' எனப் பெயர் பெற்றன. மையத்திற்கு வர இயலாதோரை நாடிச் செல்லப் பயிற்சிக் கருவிகள் பொருத்திய ஊர்திகளும் அத்திட்டத்தில் இடம் பெற்றன. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. பள்ளிக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டிற்குச் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் செல்லும் ஏற்பாட்டை வட்டார வள மையங்கள் மேற்கொண்டன. உங்கள் தெருவில் அத்தகைய பிள்ளை இருப்பின், தலைமையாசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராமச் செவிலியரிடமோ அச்செய்தியைக் கூறலாம். உள்ளறையில் இருக்கும் பிள்ளையை ஊர்தி தானாகக் கண்டுபிடிப்பதில்லை.

ஊர்தி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுதலும் தவறே. ஜெய்ப்பூரில் 1960களின் இறுதியில் இராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் மருத்துவரும் சேர்ந்து இரப்பரால் ஆன செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். அதனை அணிந்து வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், சேற்று வயலிலும் இறங்கலாம். நம் உழவர்க்கு ஏற்ற அரிய கண்டுபிடிப்பு அது. முகாம்கள் வழியாகப் பல்லாயிரவர் அதனைப் பெற்றனர். ஆயினும், முகாம் என்பது வந்து செல்வது. வளரும் பிள்ளைக்கு இவ்வாண்டு அளவெடுத்த காலிப்பர் அடுத்த ஆண்டில் குட்டையாகிவிடும், வார் அறுந்துபோகும், தோலில் உராய்ந்து புண்ணாகும். மறுமுறை அளவெடுக்க எவரும் வாராவிடின், அக்காலிப்பர் பரண்மேல் ஏறிவிடும். ஒருமுறை நூறு பேருக்குக் கருவி கொடுத்துச் செல்லும் ஊர்தியைவிட, பத்துப் பேரிடம் பத்து முறை வரும் ஊர்தியே பயன் மிகுந்தது என்று துணிந்து கூறலாம். ஆனால் பத்து முறை வருவதைப் படம் எடுத்துச் செய்தித்தாளில் இடுவார் இல்லை.

அவ்வாறு தவறாது வரும் ஊர்தியும் ஒரு வீட்டில் அரை மணி நேரமே தங்க இயலும். வாரத்தில் எஞ்சிய நேரம் முழுவதும் பிள்ளை தாயிடமே இருக்கிறது. ஆதலின், நல்ல இயன்முறை மருத்துவர் பிள்ளையின் காலைத் தம் கையால் நீட்டுவதோடு நில்லார். தாயின் கையைப் பிடித்து அவளை நீட்டச் செய்து, அழுத்தம் சரியா என்று பார்ப்பார். படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் புகும் என்பதை விளக்கி, தலை சற்று முன் சாயுமாறு நிமிர்த்தி அமர்த்தி ஊட்டக் கற்பிப்பார். அறையின் இரு சுவர்கள் கூடும் மூலையையே சாய்மானமாகக் கொண்டு பிள்ளையை உட்காரவைக்கும் வழியைக் காட்டுவார். மெக்சிக்கோ நாட்டு மலையூர் ஒன்றில் உடற்குறையுடையோரே நடத்திய மறுவாழ்வு நிலையத்தின் பட்டறிவைக் கொண்டு, டேவிட் வெர்னர் என்பவர் 1987ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். உள்ளூரில் கிடைக்கும் மரத்தாலும் கயிற்றாலும் செய்யத்தக்க எத்தனையோ கருவிகள் அதில் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. விலையுயர்ந்த இரும்புக் கம்பிகளுக்கு மாற்றாக, முற்றத்தில் நான்கு கவைக்கம்புகளை நட்டு, அவற்றின்மேல் இரண்டு கழிகளை இணையாகக் கட்டினால், நடை பழகும் கம்பி ஆயத்தமாகிவிடும். சீமைக் கருவேலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதற்குச் செலவு ஏது? முள்ளைச் செதுக்கி, பட்டையை உரித்து, கை வழுக்காமல் பழந்துணி சுற்றிவிட்டால் போதும்.

ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் கரிசல் மண் குழம்பாகிவிடும். சக்கர நாற்காலியின் சக்கரம் புதையும். மாட்டு வண்டியும் தயங்கும். மருத்துவ ஊர்தி தார்ச்சாலையிலேயே நின்றுவிடும். சில நாளில் மருத்துவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் நடந்து வருவார். சில வாரங்களில் அதுவும் இயலாது. அந்த வாரங்களில் தாய் சுவரிலுள்ள நாட்காட்டியில் நாளைக் குறித்துக்கொண்டு, பிள்ளையின் காலைத் தானே நீட்டி மடக்குகிறாள். மழை விட்டதும் அண்ணனும் தங்கையும் பிள்ளையை முற்றத்துக் கழிகளுக்கிடையே நிறுத்தி, ஒருவர் பின்னே பிடித்துக்கொள்ள, மற்றவர் முன்னே நின்று கை நீட்டி அழைக்கின்றனர்.