பூநாரை வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மெரீனா கடற்கரைதானா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சகோதரிகளே, இந்த மார்கழியில் ஒரு நாள் வடக்கே பழவேற்காட்டுக்குக் கிளம்புங்கள். விடியற்காலையில் கட்டுச்சாத மூட்டையோடு புறப்பட்டால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் பொன்னேரியில் இறங்கினால் பஸ் உண்டு. பூந்தமல்லிக்காரர்கள் ஆவடிக்கு வந்து ரயிலேற வேண்டும். கார் வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்குச் செங்குன்றம் சாலை.

நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடிதான் நம்முடையது. குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். அது சாப்பிடுகிற விதமே வேடிக்கை! நெட்டைக் காலை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, அலகாலேயே சேற்று நீரைச் சல்லடை போட்டுச் சலிக்கிறது. அந்த ரோஜா நிறம் தீனியில் கிடைப்பது. தீனி மாறினால் சாயம் வெளுத்துவிடும்!

பறவையைக் கிட்டே பார்க்கலாம் என்று யாராவது படகுக்கு அழைத்தால் மட்டும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினத்தன்று, உல்லாசமாகப் படகேறிய 22 பேர், குழந்தைகள் உட்பட, படகு கவிழ்ந்து மாண்டார்கள். அதன் பிறகுதான் உல்லாசப் படகுக்குத் தடை வந்தது. 'ஒரு சுற்றுதானே, அம்மா' என்று பிள்ளைகள் சிணுங்குவார்கள். சிணுங்கட்டும். கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே எல்லாம் தெரியும்.

கலங்கரை விளக்கத்துக்கும் படகு தேவையில்லை. ஏரியின் குறுக்கே பாலம் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் அது நிற்கிறது. அதை ஒட்டிய மீனவர் ஊருக்கு லைட் ஹவுஸ் குப்பம் என்றே பெயர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பற்றி அங்குள்ள பெண்களிடம் கேளுங்கள். அது மணல் மூடிக்கொண்டால் கடல்நீர் வராது, இறால் குஞ்சும் வராது. பல வீடுகளில் அடுப்பெரிவது சிரமம்.

திரும்பும் வழியில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சிறு குழந்தைகள் பயப்படலாம். 1613-இல் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு அவர்கள் கப்பல் கப்பலாக ஏற்றியது நம் நெசவாளர்களின் துணியைத்தான். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிகாட்' என்கிறார்கள். பழவேற்காட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த 'புலிகாட்' என்ற பெயர்தான் அப்படித் திரிந்திருக்கிறது. மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.