வடிகட்டி இல்லாத மீன்தொட்டியும் சிறுநீரக நோயாளியின் இல்லமும்

டயாலிசிஸ் கூடத்தில் நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பலவகை. மாம்பழம் ஒரு துண்டு உண்ணலாமா, திருமணத்திற்காக வெளியூர் செல்லலாமா என்பவை வழக்கமானவை. அண்மையில் அம்பத்தூரிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் வேறொன்று கேட்டார். "டாக்டர், பேரன் கொளத்தூருக்குப் போய் மீன் வாங்கி வந்திருக்கிறான். பில்டர் வேண்டாம், செடியே போதும் என்கிறான். எனக்கே வாரம் மூன்று முறை மெஷின் தேவைப்படுகிறது. மீனுக்கு மட்டும் எப்படித் தேவைப்படாமல் போகும்?" அருகிலிருந்த அவருடைய மனைவியின் கவலை வேறு: "அதெல்லாம் இருக்கட்டும், வீட்டில் கிருமி சேராதா?"

அன்று இருவருக்கும் சுருக்கமாகவே விடை சொல்ல முடிந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களில் மீன்தொட்டி வைத்திருப்போர் சிலர் உண்டு. வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூர் அருகிலேயே இருப்பதால் இதில் வியப்பில்லை. எனவே விரிவாக எழுத முற்பட்டோம்.

முதலில் பெரியவரின் கேள்வி. நம் உடலில் புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மீனுக்கு இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் தேவையில்லை. அது அம்மோனியாவைத் தன் செவுள் வழியாக நேரே நீரில் விட்டுவிடுகிறது. ஆற்றிலோ ஏரியிலோ அந்த நஞ்சு கரைந்து மறையும். முப்பது லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அது மறைய இடமில்லை. மீன் தன் கழிவிலேயே நீந்த வேண்டியதாகிறது.

கடையில் விற்கும் வடிகட்டி கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டும் பிடிப்பதில்லை. அதன் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதே நுண்ணுயிரிகள் மண்ணிலும் கூழாங்கல்லிலும் இலைகளின் மேலும் வாழக்கூடியவை. நீர்ச்செடிகளோ அம்மோனியாவையே உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே செடிகள் அடர்ந்த தொட்டியில் வடிகட்டியின் வேலை நடைபெறாமல் இல்லை. இயந்திரம் மட்டுமே இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இலண்டனில் மருந்தாளுநர் சங்கத்தின் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் கூழாங்கற்களும் இட்டு, வாலிஸ்நேரியா செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். சில நாட்களில் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைச் சேர்த்தபின் அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. இதை அவர் 1850ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, அடியில் மண், மேலே கூழாங்கல், நிறையச் செடி, சில மீன்கள் என்னும் முறை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பேரன் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

ஆயினும் பெரியவரின் ஐயத்தில் பொருள் உண்டு. இயற்கையான சுத்திகரிப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதை மீறும் அளவுக்குக் கழிவைக் கூட்டினால் தொட்டி தாங்காது. தொட்டிக்குள் கழிவு வரும் பெருவழி நாம் தூவும் தீனியே. இரண்டு டயாலிசிஸ் நாட்களுக்கு இடையில் நீரையும் உப்பையும் அளந்து கொள்ளுமாறு நாங்கள் ஓயாமல் சொல்வதைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மீன் வாடிவிடாது.

அமைக்கும் முறை கடினமன்று. ஒன்றரை அடி நீளத் தொட்டி போதும். ஆனால் நீர் மட்டுமே முப்பது கிலோ எடை இருக்கும் என்பதால் உறுதியான மேசை வேண்டும். சாணமும் உரமும் கலவாத தோட்ட மண்ணைச் சலித்து ஓர் அங்குல உயரத்திற்குப் பரப்பி, அதன்மேல் அதே அளவுக்குச் சிறு கூழாங்கற்களை இட வேண்டும். ஏரி வண்டலைக் கொண்டுவர வேண்டாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. சுற்றுப்புற நீர்நிலைகளின் அடிமண்ணில் அறுபது ஆண்டுகளில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பதை வீட்டில் சோதித்தறிய வழியில்லை. செடிகளுள் ஹைட்ரில்லா விரைந்து வளரும். பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழ்களை எண்ணினோமே, அதே செடிதான். வாலிஸ்நேரியாவும் எளிதில் கிடைக்கும். முதல் நாளிலேயே தரையின் பெரும்பகுதி மறையும்படி நட வேண்டும். நான்கு தண்டுகளை அழகுக்காக நட்டுவிட்டு அவை வடிகட்டியின் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்கலாகாது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வெளிச்சம் போதும். நேர் வெயில் பட்டால் பாசி படரும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீர் எங்கள் துறையின் அன்றாடக் கவலை. ஒருமுறை நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் நீர் செலவாகிறது. அந்நீரிலுள்ள குளோரினைக் கரி வடிகட்டியால் முழுவதும் நீக்கிய பின்னரே இயந்திரத்திற்குள் விடுகிறோம். இல்லையெனில் அது நோயாளியின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதே குளோரின் மீனின் செவுளையும் அரிக்கும். குழாய்நீரை அகன்ற வாளியில் ஒரு முழு நாள் திறந்து வைத்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கிச் சொட்டுமருந்தைக் கலந்தோ பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தாலும் கப்பியும் மோலியும் அதை விரும்பி ஏற்கும். வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரை மட்டுமே நிரப்புவது நன்றன்று. மீனுக்கும் செடிக்கும் வேண்டிய தாதுக்கள் அதில் இல்லை.

புதிய மண்ணிலிருந்தும் அம்மோனியா கசியும். ஆகவே மூன்று, நான்கு வாரங்கள் கழித்தே மீன் விட வேண்டும். அதுவரை தொட்டியின் வாயை மெல்லிய துணியால் கட்டிவைக்க மறக்கலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரையே நாடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடுதோறும் வந்து மணிபிளான்ட் வைத்த புட்டியையும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டையும் பார்ப்பது இதனால்தான். கப்பி வந்தபின் கவலை இல்லை. கொசுப்புழு அதற்கு விருந்து.

முப்பது லிட்டருக்கு ஐந்தாறு ஆண் கப்பிகள் போதும். பெண்ணையும் சேர்த்தால் மாதந்தோறும் குஞ்சு பெருகி, மேலே சொன்ன எல்லை உடைந்துபோகும். அல்லது ஒரே ஒரு ஃபைட்டர் மீன். அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையும் நேரே சுவாசிக்கும் இயல்புடையது. கோல்ட் ஃபிஷ் இம்முறைக்கு ஒவ்வாது. வாரிங்டன் வைத்தாரே என்று கேட்கலாம், ஆனால் அது பெருத்து வளர்ந்து மிகுந்த கழிவை விடும். கோடையில் ஒரு கவனம் தேவை. 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும். 35 பாகையில் 7 மில்லிகிராமே. இரவில் செடிகளும் ஆக்சிஜனைச் செலவிடும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறினால் மீன் மிகுதி, அல்லது தீனி மிகுதி என்று கொள்ளலாம். உடனே கால் பங்கு நீரை மாற்றுக.

மின்சாரம் வேண்டாம் என்பது இத்தொட்டியின் பெருநன்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரை நம்பி நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டி அத்தகைய நாட்களில் தாங்குவது அரிது.

இனி, அம்மையாரின் கேள்வி. கிருமி சேரும் என்பதே எங்கள் நேர்மையான விடை. வடிகட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீன்தொட்டி நீரில் இருக்கக்கூடிய ஒரு கிருமியை நோயாளிகளின் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். மைக்கோபாக்டீரியம் மாரினம் என்னும் அது காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் 1926இல் அதைப் பிரித்தெடுத்தார். குடிப்பதாலோ மூச்சாலோ பரவுவதன்று. கையிலுள்ள கீறல் வழியாகப் புகும். முப்பது பாகையை ஒட்டிய வெப்பமே அதற்கு உவப்பானது என்பதால், உடலின் உட்பகுதிகளைவிடக் குளிர்ந்த விரல்களிலும் புறங்கையிலும் தங்கிவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்துச் சிவந்த அல்லது கருஞ்சிவப்பான சிறு கட்டி தோன்றும். வலி பெரிதாக இராது. பின்னர் புண்ணாகலாம், முழங்கையை நோக்கி வரிசையாக வேறு கட்டிகளும் எழலாம்.

நலமுள்ளவர்களுக்கு இது அரிதான, தோலளவில் நிற்கும் நோய். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கையில் வாரம் மும்முறை ஊசித்துளை விழுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரோ நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்கிறார். அவருக்கு இது தோலைத் தாண்டி எலும்புக்கும் மூட்டுக்கும் செல்லக்கூடும். சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளும். அதற்கு வழங்கும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவைத் தாழ்த்தும். கிளாரித்ரோமைசின் அதே அளவை உயர்த்தும். முதலாவதால் மாற்றுச் சிறுநீரகமே நிராகரிக்கப்படலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் நோயன்று இது.

இதனால் தொட்டியே கூடாது என்று நாங்கள் சொல்வதில்லை. மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஓர் அமைதி உண்டு. இங்கிலாந்தில் பிளைமத் நகரின் தேசியக் கடல் காட்சியகத்தில் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பார்வையாளர்களின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றுத் தணிந்தமை தெரிந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அன்று, அதையும் சொல்லிவிடுகிறோம். ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தீனி இடுவதும் பார்த்து மகிழ்வதும் நோயாளிக்கு; நீருக்குள் கை விடும் வேலை அனைத்தும் வீட்டிலுள்ள வேறொருவருக்கு. அவரும் முழங்கைவரை நீளும் ரப்பர் கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுவது நன்று. ஃபிஸ்டுலா உள்ள கையை எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் விடலாகாது. நீர் இறக்கும் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை இன்றே விட்டுவிட வேண்டும். தொட்டிப் பொருட்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். பழைய நீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பை மாற்றும் அறையில் தொட்டி வைக்கலாகாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஆறு மாதம் ஆகாதவர் வீட்டில் புதுத் தொட்டிக்கான மண்வேலை வேண்டாம். மண்ணில் பூஞ்சைக் காளானின் வித்துகளும் இருக்கும்.

வளர்ப்பதைக் கைவிட நேர்ந்தால் மீனைப் பருத்திப்பட்டு ஏரியிலோ செம்பரம்பாக்கத்திலோ விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கும் வலைக்கும் கேடாகியிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கையில் ஆறாத கட்டியோ புண்ணோ இரண்டு வாரத்திற்கு மேல் இருந்தால் எங்களிடம் காட்டுங்கள். வீட்டில் மீன்தொட்டி இருப்பதையும் மறவாமல் சொல்லுங்கள். இந்நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு முதன்மையான காரணம், தொட்டியைப் பற்றி நோயாளி சொல்லாமையும் மருத்துவர் கேட்காமையுமே. சொன்னால்தான் ஆய்வகத்தில் அம்மாதிரியை வழக்கமான 37 பாகையில் மட்டுமன்றி 30 பாகையிலும் வைத்து வளர்த்துப் பார்க்க முடியும். அம்பத்தூர்ப் பெரியவரின் கோப்பில், ஒவ்வாத மருந்துகளின் பட்டியலுக்குக் கீழே, "வீட்டில் மீன்தொட்டி உண்டு; பராமரிப்பவர் பேரன்" என்று இப்போது எழுதி வைத்திருக்கிறோம்.