ஞாயிறு எப்படிச் சனியானது?

ஞாயிறு மாலை சிங்கப்பூரின் தேக்காவில் சற்று நேரம் நின்றால் போதும். ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசையிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுத் திடலிலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஓ.டி.யில், அதாவது ஓவர்டைமில், வந்து நிற்கும். “இந்த மாசம் எத்தனை மணி போட்டிருக்கான்?” போட்டது யார்? முன்பு சைட் சூப்பர்வைசரின் டைம்ஷீட்டும் அலுவலகக் கிளார்க்கின் பேனாவும். பிறகு கணினி. அடுத்து வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு முகவர்.

‘போன மாத வேலை நேரத்தை எடு, சம்பளக் கணக்குப் போடு’ என்று சொன்னால் முகவர் செய்துவிடும். ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டை அது தானாகத் திறக்க முடியாது. அதற்கென்று ஒரு கருவியை நிரலாளர் எழுதிக்கொடுக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ போன்ற பொது ஏற்பாடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு. முகவருக்குத் தெரிவது அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை.

‘பணியாளரின் வேலை நேரத்தைத் தரும்.’ இப்படி ஒரே வரியில் விளக்கத்தை முடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மனிதருக்கு அது போதும். சந்தேகம் வந்தால் கிளார்க் சைட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார். முகவரோ பெரும்பாலும் கேட்காது. தோன்றியதை வைத்து நிரப்பிக்கொண்டு போய்விடும்.

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பல கணினிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்கு இங்கே அட்டையைத் தட்டினால் பதிவில் விழுவது சனி இரவு 11 மணி. இதை விளக்கத்தில் சொல்லாமல் விட்டால் முகவர் அதைச் சனிக்கிழமை வேலை என்றே எடுத்துக்கொள்ளும்.

இதில் காசு போகிறது. அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி, வாரத்துக்கு 6 நாள் வேலை, ஞாயிறு ஓய்வுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரச் சம்பளம் 800ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் வருவது: சுமார் 4.20 வெள்ளி. சனிக்கிழமைக் கணக்கில் விழுந்தால் இந்த வேலை வெறும் ஓவர்டைம்: ஒன்றரை மடங்கு, 6.29 வெள்ளி. எட்டு மணி நேரத்துக்கு 50 வெள்ளி 35 காசு. ஆனால் முதலாளி கேட்டு ஓய்வுநாளில் அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் வேலை நியமனச் சட்டப்படி இரண்டு நாள் சம்பளம், அதாவது 61 வெள்ளி 54 காசு. ஒரு ஞாயிறுக்கு 11 வெள்ளிக்கு மேல் குறைகிறது. யாரும் திருடவில்லை, ஒரு வாக்கியம் எழுதப்படவில்லை, அவ்வளவே.

பெயர் இன்னொரு தொல்லை. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன் ஆறுமுகம், ஆறுமுகம் முருகன், ஏ. முருகன் மூவரும் ஒருவரா, மூவரா? கடவுச்சீட்டு ஒன்று சொல்லும், டைம்ஷீட் வேறொன்று சொல்லும். ‘பெயரை வைத்துத் தேடாதே, வேலை அனுமதி அட்டையின் ஃபின் எண்ணைக் கொடு’ என்று கருவியின் விளக்கத்திலேயே கறாராக எழுத வேண்டும்.

சாப்பாட்டு இடைவேளை மொத்த மணியில் சேர்ந்ததா, கழிந்ததா? சூப்பர்வைசர் ஒப்புதல் தராத மணிகளும் வருமா? இவையும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு கிடைக்கவில்லை என்றால் கருவி வெறுமையாகத் திரும்பக் கூடாது. ‘பதிவு இல்லை’ என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முகவர் அதைப் ‘பூஜ்யம் மணி’ என்று படித்து, வேலைக்கு வந்தவரை வராதவராக்கிவிடும்.

என்னைக் கேட்டால், இந்த விளக்கத்தை நிரலாளர் தனியாக எழுதக் கூடாது. இருபது வருடம் டைம்ஷீட் பார்த்த கிளார்க்கைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத வேண்டும். மழைக்கு நின்ற வேலை எப்படிப் பதிவாகும், நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட் எந்த நாள் கணக்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டது மனிதரோ முகவரோ, பொறுப்பு முதலாளியுடையது. ஓவர்டைம் மணிகளைக் காட்டும் விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். இடைவேளை உட்பட வேலை நேரப் பதிவுகளை முதலாளி 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஊழியர்களும் டைம்ஷீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் குறைந்தால் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் முறையிடலாம். வேலையில் இருப்பவருக்கு ஓராண்டு, வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து 6 மாதம் அவகாசம்.