பட்டாளத்து மேற்சட்டை: எடுத்துக்கொள்ள வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும்

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகளில் டிரங்குப் பெட்டிகள் திறக்கும்; ரஜாய்களும் ஸ்வெட்டர்களும் மொட்டைமாடி வெயிலுக்கு வரும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோ நான்கு பெரிய பைகள் வைத்த பச்சை நிற மேற்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். "இது என்ன பட்டாளத்து வேஷம்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தச் சட்டைக்குள் அருமையான பொறியியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வேஷத்தை விட்டுவிடுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த கதை

இச்சட்டையின் தாயகம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அந்நாட்டு வீரர்களுக்கு இடுப்பளவே வரும் மேற்சட்டை ஒன்று தரப்பட்டது. வெளியே மெல்லிய பருத்தித் துணி, உள்ளே மெல்லிய கம்பளித் துணி, அவ்வளவுதான். வெளிர் நிறமாதலால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கடுங்குளிருக்கும் போதவில்லை.

அப்போது படைத் தளவாடத் துறையின் திட்டப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜஸ் டோரியோ. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். அவர் விஞ்ஞானிகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் பால் சைப்பிள். இவரும் சார்லஸ் பாசெல் என்பவரும் தென்துருவப் பனிக்கண்டத்தில் சிறு குப்பியில் தண்ணீரை வைத்து, காற்றின் வேகத்துக்கேற்ப அது எவ்வளவு விரைவாக உறைகிறது என்று அளந்தவர்கள். குளிரோடு காற்றும் சேர்ந்தால் உடம்பு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்ற கணக்கு அதிலிருந்துதான் கிடைத்தது.

இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக வந்ததே 1943-ஆம் ஆண்டு மாதிரி. தடித்த ஒரே கோட்டுக்குப் பதிலாக, காற்றுப் புகாத ஓர் உறையை வெளியே போட்டு, குளிருக்கேற்ப உள்ளே அடுக்குகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம் என்பது இதன் தத்துவம். ஆனால் புதிய உடைகள் எல்லாப் போர்முனைகளுக்கும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. 1944-45 குளிர்காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் பல்லாயிரம் அமெரிக்க வீரர்கள், குண்டடி படாமலே, ஈரக் குளிரில் கால் பழுதாகி மருத்துவமனைக்குப் போனார்கள். தக்க உடையும் காலணியும் போதிய அளவில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். நல்ல வடிவமைப்பு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, பண்டகசாலையிலிருந்து புறப்பட்டு ஆளைச் சேர வேண்டும் என்பதை ரயில்வேக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின்னர் 1951-ஆம் ஆண்டு மாதிரி வந்தது. பொத்தானுக்குப் பதில் முன்பக்கம் ஜிப் வைத்தார்கள். 1965-இல் வந்தது எம்-65. இன்று உலகெங்கும் நகலெடுத்து விற்கப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

குளிரைத் தடுப்பது துணியன்று, துணிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. ரயில் பெட்டிகளில் இரண்டு தகடுகளுக்கு இடையே கண்ணாடிப் பஞ்சை அடைப்பதும் இதற்காகவே. பஞ்சின் வேலை காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான். நாம் அணியும் ஸ்வெட்டரும் அப்படியே. வீட்டுக்குள் அது கதகதப்பாக இருக்கும். ஸ்கூட்டரில் ஏறியதும் எதிர்க்காற்று பின்னலின் கண்கள் வழியே புகுந்து, உள்ளே சூடாகியிருந்த காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டாலும் குளிர் விடாததன் ரகசியம் இதுவே.

எம்-65-இன் வெளித்துணி பருத்தியும் நைலானும் சரிபாதி கலந்து நெருக்கமாக நெய்தது. அது காற்றைத் தடுக்கும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தனி உள்ளுறை. அதைப் பொத்தான்களால் மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். இடுப்பில் உள்ள நாடாவை இழுத்துக் கட்டினால் கீழிருந்து காற்று ஏறாது. கழுத்துப்பட்டைக்குள் மெல்லிய தலைமூடி சுருண்டு கிடக்கும். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டி. நாயுருவி முள் வேட்டியில் ஒட்டிக்கொள்கிறதே, அதைப் போன்ற ஒரு முள்ளைப் பார்த்து ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்த உபாயம் அது. முதுகில் தோளருகே மடிப்புகள் இருப்பதால் கையை நீட்டி வேலை செய்தாலும் சட்டை இழுக்காது.

உள்ளே தைத்திருக்கும் சீட்டும் படிக்கத் தக்கது. மார்பளவோடு ஆளின் உயரமும் அதில் அங்குலத்தில் இருக்கும். ஒப்பந்த எண்ணின் நடுவே வரும் இரண்டு இலக்கங்கள் ஒப்பந்த ஆண்டைக் காட்டும். நம் ரயில் பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது கட்டப்பட்ட ஆண்டைச் சொல்வது போல. மிகையாகச் சூடேற விடாதே, தேவையான அடுக்குகளை மட்டும் அணி என்ற கருத்திலும் அதில் குறிப்பு உண்டு. குளிர்காலத்தில் வியர்ப்பது ஆபத்து. நனைந்த துணியில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்த வல்லது.

போர்முனையிலிருந்து தெருவுக்கு

வியட்நாம் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் இச்சட்டைகள் உபரிப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. மீன் பிடிப்பவர்கள், மலையேறுபவர்கள், மாணவர்கள் எனப் பலரும் வாங்கினர். ஊர் திரும்பிய வீரர்கள் இதை அணிந்தே போர் எதிர்ப்பு ஊர்வலங்களுக்கும் போனார்கள். 1976-இல் வந்த 'டாக்ஸி டிரைவர்', 1982-இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' ஆகிய படங்களின் நாயகர்கள் இதை உலகறியச் செய்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்குதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் சின்னங்கள் நீக்கிய பழைய மேற்சட்டையைப் பொதுமக்கள் அணிவது சாதாரணம். நம் நாட்டு நிலைமை வேறு. படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அத்தகைய உடையை அணிந்தால் அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எண்ணம் இருந்தால்தானே குற்றம் என்று வாதிடலாம். ஆனால் 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கிய பயங்கரவாதிகள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதன்பின், ராணுவப் பாணி உடையை அணிய வேண்டாம் என்று பொதுமக்களையும், விற்க வேண்டாம் என்று கடைக்காரர்களையும் ராணுவம் கேட்டுக்கொண்டது. சோதனைச் சாவடியில் இரவு நேரத்தில் துப்பாக்கியோடு நிற்கும் காவலருக்கு, எதிரே வருபவன் வீரனா, விஷமியா, கல்லூரி மாணவனா என்று முடிவு செய்ய ஓரிரு விநாடிகளே உண்டு. நம் பிள்ளையின் அலங்காரம் அவருடைய கணக்கைக் குழப்பக் கூடாது. வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் புள்ளியும் திட்டுமான படைப் பாணித் துணியைப் பொதுமக்கள் அணிவதே சட்டவிரோதம்.

வாங்குவோர் கவனத்துக்கு

பழுப்பு, கருநீலம், கறுப்பு நிறங்களில் இதே அமைப்புள்ள சட்டைகள் கிடைக்கின்றன. அவற்றையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பச்சைச் சட்டை வீட்டில் இருந்தால் பெயர்ப்பட்டி, தோள் சின்னம், நட்சத்திரம் எதுவாயினும் பிரித்துவிடுங்கள். கன்டோன்மென்ட் பக்கமும் எல்லைப்புறப் பயணத்திலும் அணியாதீர்கள். திட்டுத்திட்டான துணி வேண்டவே வேண்டாம்.

உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடும் அளவுக்குத் தளர்வாக வாங்க வேண்டும். இறுகப் பிடித்தால் காற்று நிற்க இடமிராது. பழைய சட்டையானால் முதலில் ஜிப்பை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கிழிசலைத் தைத்துவிடலாம், ஜிப்பை மாற்றுவது செலவு. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் தெரிந்துவிடும். துவைக்கும்போது உள்ளுறையைக் கழற்றி, வெல்க்ரோவை ஒட்டி மூடிப் போடுங்கள். பெருமழைக்கு இது போதாது, அதற்கு மழைக்கோட்டுதான்.

அந்த நான்கு பைகளும் இடுப்பு நாடாவும் கழற்றும் உள்ளுறையும், பனியில் விறைத்த மனிதர்களின் துன்பத்திலிருந்து பிறந்தவை. அவற்றின் பயனை யார் வேண்டுமானாலும் பெறலாம். தோளில் இருக்கும் சின்னத்தை மட்டும், சியாச்சினிலும் கார்கிலிலும் நின்று அதைச் சம்பாதித்தவர்களுக்கே விட்டுவிடுவோம்.